வாசலில் கிடந்த செருப்பு

அஞ்சுகத்தின் வாசற்படியில் எப்போதும் ஒரு ஜோடி ஆண் செருப்பு கிடக்கும். புருஷன் போய் நாலு வருஷமாகியும் அவள் அதை எடுக்கவில்லை. ஆள் நடமாட்டம் இருப்பதுபோலத் தெரியட்டும் என்று அவ்வப்போது கொஞ்சம் இடம் மாற்றி வைப்பாள். விதவை உதவித்தொகைக்கு இனி ஆபீசுக்கு அலைய வேண்டாம், வீடியோ காலிலேயே விசாரித்துவிடுவோம் என்றார்கள். நல்லதாய்ப் போயிற்று என்றுதான் நினைத்தாள். ஆனால் டவர் வாசலில்தான் கிடைத்தது, பாவம்.

"அந்தச் செருப்பு யாரோடதும்மா?" என்றார் திரையில் தெரிந்த அதிகாரி.

"அவரோடது சார். இறந்துட்டாரு."

"கேக்கல. வீட்டுல ஆம்பள யாராச்சும் இருந்தா மனு தள்ளுபடி ஆயிடும். இருக்காங்களா?"

"இல்ல சார்."

"சத்தமா சொல்லுங்கம்மா."

"யாருமே இல்ல சார். நான் ஒருத்திதான். செருப்ப சும்மா பயத்துக்குப் போட்டு வச்சிருக்கேன்," என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

"சரி, எழுதிக்கிட்டேன்," என்று அவர் மறைந்தார்.

எதிர்த்த டீக்கடை வாசலில் கேரம் சத்தம் நின்றிருந்தது. ஆடிக்கொண்டிருந்த நாலு பேரில் ஒருவன் எழுந்து, நிதானமாகத் தெருவைக் கடந்து வந்தான்.

"இது எத்தனாம் நம்பர் செருப்பு, அக்கா?" என்று கேட்டுக்கொண்டே, செருப்புக்குள் காலை நுழைத்தான்.