முன்சக்கரத்தில் ஐந்து நட்டு

நட்டு திரும்பியது.

நம்ப முடியாமல் இன்னொரு முறை இழுத்தேன். மறுபடியும் திரும்பியது.

என் கையில் இருந்தது டார்க் ரென்ச். கை நீளத்துக்கு ஒரு ஸ்பேனர். நட்டு சரியாக இறுகியிருந்தால் அசையவே அசையாது, ரென்ச் 'டிக்' என்று மட்டும் சொல்லும். பஸ்ஸின் வலப்பக்க முன்சக்கரத்தில் எட்டு நட்டுக்கும் எட்டு 'டிக்' கேட்டுவிட்டு இப்போதுதான் இடப்பக்கம் வந்திருந்தேன்.

இங்கே சத்தமே இல்லை.

பூட்டியது என் மச்சான். என் மனைவியின் அண்ணன்.

டெப்போவில் அவருக்கு உடும்பு என்று பட்டப்பெயர். பிடித்தால் பிடித்ததுதான். ஒரு நட்டை இறுக்கியதும் அதற்கு நேர் எதிரே உள்ளதற்குப் போவார். பிறகு மறுபடி குறுக்கே. சக்கரம் ஒரு பக்கமும் சாயாமல் சம்மணமிட்டதுபோல் உட்காரும். பார்க்கவே அழகாக இருக்கும்.

அந்த அழகைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரியும்.

எனக்குப் பட்டப்பெயர்கூடக் கிடையாது. "ஏய் செக்கிங்" என்பார்கள்.

பூட்டியவரே சரிபார்க்கக் கூடாது என்பது டெப்போ விதி. ஆறு வருஷமாக அவர் பூட்டுகிறார், நான் சரிபார்த்து நட்டின் மேல் மஞ்சள் பெயின்ட்டில் கோடு போடுகிறேன். ஒருநாள், ஒரே ஒருநாள்கூட, ஒரு நட்டும் அசைந்ததில்லை.

வீட்டிலும் அதே பாட்டுதான். குழாய் ஒழுகினால், "எங்கண்ணனைக் கூப்பிடவா?" கதவுத் தாழ் சிக்கினால், "எங்கண்ணன் வந்தா ரெண்டு நிமிஷ வேலை." இரண்டு கையும் நன்றாக இருக்கும் ஒரு ஃபிட்டர் அதே வீட்டில் உட்கார்ந்திருப்பது அவள் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

இன்று சாயங்காலம் சீஃப் ஃபிட்டர் யார் என்று முடிவாகும். பட்டியலில் இரண்டே பேர். அவர், நான். முடிவு எல்லோருக்கும் தெரியும். எனக்கும்தான்.

இந்த நட்டு திரும்பும்வரை.

அடுத்ததைப் பிடித்து இழுத்தேன். திரும்பியது. அதற்கு எதிரே இருந்தது. அதுவும். வெறி பிடித்ததுபோல் ஐந்து.

உடும்பு பூட்டியதில் ஐந்து லூஸ்! வேறு யாராக இருந்தாலும் சந்தேகம் வந்திருக்கும். எனக்கு வந்தது சிரிப்பு.

மற்ற ஃபிட்டர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். நேரே மேனேஜர் அறைக்கு ஓடினேன்.

மேனேஜர் ஆபீஸ் பிரிவிலிருந்து போன மாதம்தான் வந்தவர். ஸ்பேனரைக் கையால் தொட்டவரில்லை. அவரை பஸ்ஸுக்குக் கூட்டிவந்து ஒரு நட்டை இழுத்துக் காட்டினேன். சொன்னபடி திரும்பியது. அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. மூன்று மணிக்கு நாற்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்ற வேண்டிய வண்டி. இருந்த நல்ல வண்டிகளெல்லாம் வெளியே போயிருந்ததால், ஓரமாகக் கிடந்த இந்தப் பழைய பஸ்ஸை எடுத்திருந்தார்கள்.

மச்சான் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார்.

"என்ன மாப்பிள, மூஞ்சில பல்பு எரியுது?"

"நீங்க பூட்டுன லட்சணம்தான் மச்சான். அஞ்சு நட்டு லூசு."

சிரித்தார். குனிந்து நட்டைப் பார்த்தார். பிறகு என் கையில் ரென்ச் இருந்த விதத்தைப் பார்த்தார்.

சிரிப்பு நின்றுவிட்டது.

குனிந்தவர் நிமிர ரொம்ப நேரமானது.

"மாப்பிள சொல்றது சரிதான் சார். ஏதோ ஞாபகத்துல விட்டுட்டேன். என் தப்பு."

ஆறு வருஷம் காத்திருந்து கேட்ட வார்த்தை. காதில் தேன் என்பார்களே, அதேதான்.

"நல்லவேளை, எனக்கு இனிமே யோசிக்க வேலையில்ல," என்றார் மேனேஜர். "சீஃப் ஃபிட்டர் இவர்தான். நீங்க இதை முதல்ல பூட்டுங்க. அப்புறம் ஒரு மாசம் சக்கரத்துப் பக்கமே வரக் கூடாது."

சொல்லிவிட்டு நடந்தார்.

மச்சான் என்னிடமிருந்து ரென்ச்சை வாங்கினார். முதல் நட்டில் மாட்டினார். இழுத்தார்.

கடிகார முள் சுற்றுவதற்கு எதிர்த்திசையில்.

நட்டு இறுகியது.



இந்த மாதிரிப் பழைய பஸ்ஸில் இடப்பக்கச் சக்கரத்துக்கு மட்டும் மரை தலைகீழ். மற்ற நட்டெல்லாம் இறுகுகிற திசையில் அது கழலும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுப்பது நான்தான்.

ஐந்தையும் கழற்றியது நான்.

"மச்சான்..."

"மூச்சு விடாத." அவர் தலை நிமிரவில்லை. எதிரே இருந்த நட்டுக்கு நகர்ந்தார். "தெரிஞ்சா உனக்கு வேலையே போயிடும். அப்புறம் என் தங்கச்சி கதி?"

மேனேஜர் இன்னும் வாசலைத் தாண்டவில்லை. பத்தடிதான் இருக்கும்.

"சார்!" என்றேன்.

திரும்பினார். "என்ன?"

மச்சானின் கை அப்படியே நின்றது.

"தேங்க்ஸ் சார்."

கை மறுபடி இழுக்க ஆரம்பித்தது.

எல்லாம் முடிந்ததும் மச்சான் ஃபோனை எடுத்து என் மனைவியைக் கூப்பிட்டார். "தங்கச்சி, உன் வீட்டுக்காரர்தான் சீஃப் ஃபிட்டர்! நிஜமாத்தான் சொல்றேன். நான் பூட்டுனதுலயே தப்பு கண்டுபிடிச்சிட்டாருன்னா பாத்துக்கயேன். இந்தா, அவர்ட்டயே பேசு."

ஃபோனை என் காதில் வைத்தார்.



"எங்கண்ணன் பூட்டுனது லூசா? இருக்காதேங்க..." என்றாள். "நீங்க சரியாப் பாத்தீங்களா?"