புது உறை

அரிசோனா வெயிலில், அடுப்பும் படுக்கையும் உள்ள அந்த ஐம்பது வயது வண்டி முன்சக்கரம் இழந்து ஜாக்கியின் மேல் நிற்கிறது. சக்கரத்தைச் சுழற்றும் அச்சுத்தண்டைப் பலகையில் கிடத்தி, அதன் ரப்பர் உறையைக் கத்தியால் கிழிக்கிறாள் லோர்னா. உறை புத்தம்புதிது. உள்ளே கிரீஸ் பிசின்போல் காய்ந்து, துருவோடு உதிர்கிறது. உறை மூடியிருந்த மூட்டிலிருந்து ஒவ்வொன்றாக நெம்பியெடுக்கும் இரும்புக் குண்டுகளில் அம்மைத் தழும்புபோல் குழிகள். அச்சைப் பிரித்துப் புதிதாகக் கட்டிவிட்டேன் என்று தம்பி வெஸ்லி சொன்னதை நம்பித்தான், நேற்று பேரப்பிள்ளைகளோடு மலையிறங்கினாள். வளைவுக்கு வளைவு சக்கரம் கடகடவென்று அடித்துக்கொண்டது. பியர் கேனோடு வந்து நிற்கும் வெஸ்லி, கிழிந்த உறையைப் பார்த்ததும் குடிப்பதை நிறுத்துகிறான். "பிரிச்சியாடா இதை?" "உறைய மட்டும் மாத்தினேன்க்கா. இன்னும் கொஞ்ச நாள் ஓடும்னு நெனச்சேன்." "உன் புள்ளைங்கள ஏத்திக்கிட்டு ஓட்டியிருப்பியா?" வண்டிக்கு அப்பாலிருந்து பிள்ளைகள் எதற்கோ சிரிக்கும் சத்தம் வருகிறது. "தள்ளு, நான் பாத்துக்கறேன்" என்று ஸ்பேனருக்குக் கை நீட்டுகிறான். அந்தக் கையில் ஒரு இரும்புக் குண்டை வைத்து, விரல்களை மடக்கி, தன் இரண்டு கைகளாலும் இறுக்குகிறாள். "வலிக்குதுக்கா" என்கிறான். அவள் விடவில்லை.