உருளை உன் பொறுப்பு

கார்ன்ஃபிளேக்ஸை உள்ளங்கையில் நொறுக்கிக்கொண்டிருந்த டாலினுக்கு, யாருடைய இடத்தில் நின்று நொறுக்குகிறோம் என்பதுதான் விளங்கவில்லை.

வியாழக்கிழமை வெர்லா போன் செய்திருந்தாள். ஜனெல்லின் அம்மா. முன்னாள் மாமியார் என்று சொல்ல அவனுக்கு இன்னும் வாய் வரவில்லை.

"ஞாயித்துக்கிழம சாப்பாட்டுக்கு உருளை உன் பொறுப்பு. போன தடவ மாதிரி சீஸ்ல கஞ்சத்தனம் பண்ணாத."

சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

போன தடவை என்பது போன வருடம். அதற்குப் பிறகு அவனும் ஜனெல்லும் பிரிந்தார்கள், நீதிபதி கையெழுத்துப் போட்டார், அவன் ஊரின் மறுகோடியில் ஒற்றை அறை வீட்டுக்கு வாடகைக்கு வந்தான்.

உருளைக்கிழங்குக்குப் பேர்போன ஐடஹோவில் இந்தச் சீஸ் உருளை செய்ய ஆள் தேட வேண்டியதில்லை. தெருவுக்கு நாலு பேர் இதைச் செய்வார்கள்.

ஆனால் வெர்லா வீட்டில் யார் எதைக் கொண்டுவருவது என்பது கல்லில் வெட்டியது போல. ஜனெல்லின் அண்ணன் ரீட் பன் கொண்டுவருவான். அவன் மனைவி கொண்டுவருவது ஜெல்லி. அந்தக் குடும்பத்தில் புதிதாகப் பெண் கட்டியவனுக்குக் காகிதத் தட்டுதான். டாலினும் காகிதத் தட்டில் ஆரம்பித்து, ஊறுகாய்க்கு உயர்ந்து, கடைசியில்தான் உருளையை எட்டிப் பிடித்திருந்தான்.

குழம்பிப்போய் ஜனெல்லுக்கே போன் செய்தான்.

"அம்மாவுக்கு ஞாபகம் நழுவுது, டாலின். போன வாரம் ரீட்டப் பாத்து அப்பா பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க. நம்ம விஷயத்த இன்னும் எத்தன தடவ சொல்லி அழ வைக்கிறது? பேசாம வந்து சாப்பிட்டுட்டுப் போ. நானே வந்து கூட்டிட்டுப் போறேன். ஒரே கார்ல போய் இறங்குவோம்."

சரி என்றான்.

துருவிய உருளைக்கிழங்கின் மேல் சூப் டப்பாவைக் கவிழ்த்தான். புளித்த கிரீமைப் போட்டான். சீஸைக் கைநிறைய அள்ளித் தூவி, மறுபடியும் ஒரு கை தூவினான். நொறுக்கியதை உருக்கிய வெண்ணெயில் புரட்டி மேலே பரப்பினான்.

விவாகரத்தில் அவனுக்கு வலித்தது வீடு போனதல்ல. ஞாயிற்றுக்கிழமை போனதுதான். அந்த மேசை, அந்தச் சத்தம், யாராவது தன்னைக் கிண்டல் செய்வது.

இப்போது அழைப்பு வந்திருக்கிறது. ஆனால் அது வந்தது தனக்கா, அல்லது அவள் நினைவில் இன்னும் ஜனெல்லின் கணவனாக இருந்துகொண்டிருக்கும் அந்த வேறொருவனுக்கா?

வாடகை வீட்டு ஓவன் சின்னது. தட்டு சாய்வாகத்தான் உள்ளே போனது; ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் வெளுத்து வெளியே வந்தது.

"என்னடா இது, ஒரு பக்கம் டெக்சாஸ் வெயில், ஒரு பக்கம் அலாஸ்காவா?" என்றான் ரீட், வெர்லா வீட்டு மேசையில் மூடியைத் திறந்ததுமே.

"கடையில பன்னு வாங்கிட்டு வந்தவன்லாம் பேசக்கூடாது. வாய மூடிட்டுத் தின்னு" என்றாள் வெர்லா.

எல்லோரும் சிரித்தார்கள். டாலினும் சிரித்தான். பிறகு, சிரிக்கலாமா என்று யோசித்தான்.

அவனுடைய நாற்காலி பழைய இடத்தில், ஜனெல்லின் பக்கத்தில் இருந்தது. இருவரும் முழங்கை படாமல் சாப்பிட்டார்கள்.

"எல்லாம் எப்படிப் போகுது?" என்று வெர்லா கேட்டாள்.

ஜனெல்லைப் பார்த்தான். அவள் தட்டைப் பார்த்தாள்.

"நல்லா இருக்கோம்மா" என்று இருவருக்குமாகச் சொன்னான்.

வெர்லா அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் எதையோ தேடுகிறாளா, தொலைத்துவிட்டாளா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அப்படியா" என்றாள். கருகிய பக்கமாகப் பார்த்து, தனக்கு இன்னொரு கரண்டி எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

சாப்பாடு முடிந்ததும் எப்போதும் போல மிச்சத்தைப் பழைய தயிர் டப்பாக்களில் அடைத்தாள். வீட்டுக்கு ஒரு டப்பா. யாரும் வேண்டாம் என்று சொல்லக்கூடாது. ரீட் ஒன்றை வாங்கிக்கொண்டு கிளம்பினான். ஜனெல் ஒன்றை வாங்கி அம்மாவை முத்தமிட்டுவிட்டு, காரைத் திருப்பி நிறுத்தப் போனாள்.

டாலின் தன் உருளைத் தட்டைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டான்.

"வரேம்மா."

வெர்லா இன்னொரு டப்பாவை அவன் தட்டின் மேல் வைத்தாள்.

பாவம், கொடுத்ததை மறந்துவிட்டாள் என்று நினைத்தான். "ஜனெல் அப்பவே வாங்கிட்டாம்மா" என்றான் மெதுவாக.

"அது அவ வீட்டுக்கு" என்றாள் வெர்லா, அவன் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தபடி. "இது உன் வீட்டுக்கு. அடுத்த வாரம் தட்ட இங்க கொண்டு வந்துடு, என் ஓவன்ல வேகட்டும்."

டப்பாவின் அடி இன்னும் சூடாக இருந்தது.

வாசலில் ஜனெல் காரைக் கிளப்பி வைத்திருந்தாள். அம்மா பார்க்க வேண்டும் என்பதற்காக, அவனைப் பார்த்து, அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு, பெண்டாட்டி மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.