நாலு நல்ல பல்

“என் வீட்டுக்காரரோட நாலு பல்லுமே நல்ல பல்லாம். ஒண்ணுலயும் சொத்தை இல்லையாம். அப்புறம் எதுக்கு அடைச்சீங்க டாக்டர்?”

உட்காருவதற்கு முன்பே அவள் ஆரம்பித்துவிட்டாள். புது டாக்டர் எடுத்துக் கொடுத்த எக்ஸ்ரே மேஜைக்கு வந்தது.

ஓய்வுபெற்ற பல் டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

அவள் கணவர் எலக்ட்ரீஷியன். கரண்டுக்கே பயப்படாத மனிதர், அங்கே வேர்த்து விறுவிறுத்து நின்றார்.

“இருபது வருஷமாச்சு, விட்டுடுன்னா கேக்க மாட்டேங்கறா டாக்டர்.”

“எப்படிங்க விடறது? அப்ப டாக்டரோட கிளினிக் ரிசப்ஷன்ல இருந்தவ நான். நாலு பில்லும் என் கையால போட்டது. உங்களை ஏமாத்தினதுல எனக்கும் பங்குன்னு நினைச்சா தூக்கம் வரலை. நஷ்ட ஈடு வாங்காம நகர மாட்டேன்!”

டாக்டர் உள்ளே போய் எலக்ட்ரீஷியனின் பழைய சிகிச்சை கார்டை எடுத்து வந்தார்.

“இதை மட்டும் உன் கண்ணுல காட்டாம என் டிராயர்லயே வெச்சிருந்தேன். படிம்மா.”

அவருடைய கோழிக் கிறுக்கல் அவளுக்குத்தான் புரியும்.

‘பல்லில் கோளாறு இல்லை. வலி என்கிறார். என் அறையில் வாயைத் திறக்க மறுக்கிறார். ரிசப்ஷனில் மூட மறுக்கிறார். எதையும் குடையவில்லை. மேல்பூச்சு மட்டும்.’

அவள் கணவர் பக்கம் திரும்பினாள்.

“அப்ப உங்களுக்கு வலிக்கலையா?”

“பல்லு வலிக்கலை.”

“சும்மா அனுப்பினா, வேற எங்கயாவது போய் நல்ல பல்லைப் பிடுங்கிட்டு வந்து நிப்பாரோன்னு பயந்துட்டேன்மா” என்றார் டாக்டர்.

“வெக்கமா இல்லை உங்களுக்கு? பொய் சொல்லி ஒரு டாக்டரோட நேரத்தை வீணாக்கி, அவரையும் பழிகாரரா ஆக்கி...”

அவள் பொரிந்துகொண்டிருக்கும்போதே டாக்டர் இன்னொன்றை நீட்டினார். பழைய அப்பாயின்ட்மென்ட் நோட்டு.

நாலு சனிக்கிழமைகள். நாலிலும் பகலில் நிறைய நேரம் காலி. ஆனாலும் மற்றவர்கள் எல்லோரும் கிளம்பிப் போகும் கடைசி நேரத்தில் எலக்ட்ரீஷியன் பெயர் மட்டும், அவளுடைய முத்து முத்தான கையெழுத்தில்.

அவள் முகம் சிவந்துவிட்டது. கணவரைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“அப்ப... நஷ்ட ஈடு...” என்று இழுத்தாள்.

“நீங்க ரெண்டு பேரும் எனக்குக் கொடுத்துட்டுப் போங்க. நீ இவரைக் கட்டிக்கிட்டுப் போனதுக்கப்புறம் ஒரு நல்ல ரிசப்ஷனிஸ்ட் எனக்குக் கிடைக்கவே இல்லை!”