அலுமாரிக்குள் அரிசி

"பதினாலு" என்று சொல்லி, ரூபன் கடைசிச் சுண்டு அரிசியையும் சாக்கில் கொட்டினான். பழைய பால் ரின் ஒன்றுதான் அந்த வீட்டில் அரிசி அளக்கும் சுண்டு. குசினி நிலத்தில் குந்தியிருந்தபடியே மனைவியை நிமிர்ந்து பார்த்தான்.

"ஒரு நாளைக்கு நாலு சுண்டு. மாதம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள் கிடக்கு. நாப்பத்தெட்டு இருக்கோணும். மிச்சம் எங்க, பிரேமிளா?"

பிரேமிளா அடுப்பில் கொதித்த குழம்பைக் கிண்டினாள். "எனக்குத் தெரியாது எண்டு எத்தினை தரம் சொல்லுறது? சோத்துக்கு நாலு சுண்டுதான். அதுக்கு மேல ஒரு மணி போடுறேல்ல."

"அப்ப அரிசி கால் முளைச்சு நடந்து போச்சுதோ? போன கிழமை உம்மட தங்கச்சி வெறும் பையோட வந்தவா. போகேக்க பை ஊதிக் கிடந்தது. துணுக்காய் பஸ்ஸில நான்தான் தூக்கி வைச்சனான்."

"அது பிள்ளையளின்ர பழைய சட்டையள்."

"சட்டை அந்தப் பாரமோ?"

பக்கத்தில் இருந்து பயித்தங்காய் முறித்துக்கொண்டிருந்த எட்டு வயது யதுர்ஷிகா, "அப்பா" என்று தொடங்கினாள்.

"பெரியாக்கள் கதைக்கேக்க இடையில வராத" என்றான் ரூபன். அவள் அடுத்த காயை எடுத்தாள்.

பிரேமிளாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பங்குனி மாதத்தில் தொடங்கிய விசாரணை, ஆனி பிறந்தும் ஓயவில்லை. சம்பளத்தன்று இருபத்தைந்து கிலோச் சாக்கு ஒன்றை இறக்கிவிட்டால் அவனுடைய கடமை முடிந்தது. போன மாதக் கடைசியில் அரிசி குறைந்தபோது, சட்டை தைத்த காசில் பன்னிரண்டு கிலோ வாங்கி, மூச்சுக் காட்டாமல் சமைத்துப் போட்டவள் அவள். அதை இப்போது சொன்னால், தையலில் எவ்வளவு வருகிறது என்று அடுத்த விசாரணை தொடங்கிவிடும்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த இளைய மகள் அந்தக் கையாலேயே கண்ணைக் கசக்கிவிட்டு அழத் தொடங்கினாள். "கண்ணில கை வையாத எண்டு சொன்னனான் எல்லே" என்று பிரேமிளா சீறினாள். புருஷனுக்குப் போகவேண்டிய சீற்றம். பாவம், பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தது.

"என்ர கோழியளைப் பாரும்" என்றான் ரூபன். எங்கே தொடங்கினாலும் கடைசியில் அவன் கோழியில்தான் வந்து நிற்பான். "பன்னிரண்டு கோழி. தீனுக்கு ஒரு சதம் செலவில்லை. வளவுக்க பொறுக்கித் தின்னுதுகள். மாசியில நாளைக்கு மூண்டு முட்டை இட்டதுகள் இப்ப எட்டு இடுதுகள். வீடு நடத்திறதெண்டா அப்பிடி நடத்தோணும்."

பரந்தன் சந்தியில் அவன் வேலை செய்யும் ஹாட்வெயார் கடையிலும் இதே புராணம்தான். முட்டை விற்ற காசு அவனுடைய பொக்கற்றில். நாளுக்குப் பத்து முட்டை வந்தால் யதுவுக்குச் சைக்கிள் என்று ஒரு வாக்கும் கொடுத்து வைத்திருந்தான்.

கோழி அடைக்கும் வேலை யதுவினுடையது. "நான் தடியோட கலைச்சாலும் கூட்டுக்க போகாததுகள், பிள்ளை ஒரு குரல் குடுக்க ஓடிவருதுகள்" என்று அதிலும் அவனுக்குப் பெருமை. பிரேமிளா இதையெல்லாம் நின்று பார்த்ததில்லை. அந்த நேரத்தில் அவள் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருப்பாள்.

ரூபன் எழுந்தான். சாக்கின் வாயை முறுக்கித் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் போனான். பிரேமிளா அகப்பையும் கையுமாகப் பின்னால் போனாள். அவன் அலுமாரியைத் திறந்து, அடித்தட்டில் இருந்த அவளுடைய கூறைச் சேலையை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் அரிசிச் சாக்கை வைத்தான்.

"இனி காலமையில நான் நாலு சுண்டு அளந்து தாறன். கறிக்காசும் என்ர கையில இருக்கட்டும். தங்கச்சிக்கும் சொல்லி விடும், இனி இஞ்ச பையோட வரவேண்டாம் எண்டு."

"அப்ப என்னைக் கள்ளி எண்டுறியள்."

"நான் ஒண்டும் சொல்லேல்ல. கணக்குச் சொல்லுது."

அலுமாரியைப் பூட்டித் திறப்பைப் பொக்கற்றில் போட்டான். ஒன்பது வருஷம் இந்த வீட்டில் ஒருவரையும் ஒரு நேரம்கூடப் பட்டினி போடாதவள் நான் என்று சொல்லப் பிரேமிளா வாயெடுத்தாள். சொல்லுக்கு முன்னால் அழுகை வந்தது. ஆத்திரப்படும் நேரத்தில் அழுகை வருகிறதே என்பது அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. நாளைக்குத் தங்கச்சிக்குப் போன் எடுத்து எந்த முகத்தோடு இதைச் சொல்வது?

வெளியே பொழுதுபட்டுக்கொண்டிருந்தது. குசினி வாசலில் கோழிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்து கூடின.

வெறும் சுண்டைக் கையில் பிடித்தபடி யது அறை வாசலில் வந்து நின்றாள். அப்பாவையும் பூட்டிய அலுமாரியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன பிள்ளை?" என்றான் ரூபன். "இப்ப கதையும்."

"திறப்பைத் தாங்கோ அப்பா. உங்கட கோழியளுக்கு ரெண்டு சுண்டு அரிசி போடோணும்."