கூடுதல் வட்டி

“தொட்டில்ல கிடந்தப்பவே பணம் போட ஆரம்பிச்சேன் சார். படிப்பு விஷயத்துல கடைசி நேரத்துல ஓடக் கூடாது பாருங்க,” என்று மகளின் தோளைத் தட்டினார் அப்பா.

வங்கி அதிகாரி அவளைப் பார்த்துச் சிரித்தார். “இப்படி ஒரு அப்பா யாருக்குக் கிடைக்கும்? எந்தக் காலேஜ்மா?”

“ஐயோ, இவளுக்கு இல்ல சார். இவ அண்ணனுக்கு. பொண்ணு பேர்ல போட்டா வட்டி கூடன்னாங்க, அதான் இவ பேர்ல போட்டேன்.”

அதிகாரியின் சிரிப்பு பாதியில் நின்றது. “இவங்களுக்குப் பதினெட்டு முடிஞ்சிடுச்சு சார். இனிமே உங்க கையெழுத்து செல்லாது.”

“அதுக்கென்ன, இவ போடுவா. அதுக்குத்தானே இழுத்துட்டு வந்திருக்கேன்.”

அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். கால் ஆடிக்கொண்டே இருந்தது. அவளுக்கும் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது, மார்க்குக்காகவே கிடைத்த இடம். இன்றைக்குள் பணம் கட்டாவிட்டால் அது வேறொருத்திக்குப் போய்விடும். இரண்டு தடவை கோட்டைவிட்ட அண்ணனுக்கு அப்பா விலை பேசி ஒரு சீட்டைப் பிடித்திருந்தார். ‘நீ தபால்ல படிச்சுக்கோ, அதுவும் டிகிரிதான்’ என்று வீட்டில் அவள் கதை முடிந்திருந்தது.

“புதுக் கையெழுத்தும் போட்டோவும் குடுக்கணும்மா,” என்றார் அதிகாரி.

“திங்கட்கிழமையே வந்து குடுத்துட்டேன் சார்.”

“பாத்தீங்களா? நான் சொல்றதுக்கு முன்னாடியே செஞ்சு வச்சிருக்கா. எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டா சார், அப்படி வளர்த்திருக்கேன்.” அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அதிகாரி கணக்கைத் திறக்கப் பார்த்தார். கம்ப்யூட்டர் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

பணம் எடுக்கும் படிவம் அவள் முன்னால் வந்தது. தேதியைத் தப்பாக எழுதினாள். வேறு படிவம் கேட்டாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். பேனா எழுதவில்லை என்றாள். அப்பா பிடுங்கித் தன் உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தார். நன்றாகவே எழுதியது.

“ஒரு கையெழுத்துப் போட இவ்வளவு நேரமாடி? நீ காலேஜுக்குப் போயிருந்தா கிழிச்சிருப்ப!”

அவள் மடியில் கிடந்த போன் அதிர்ந்தது. எடுத்துப் படித்தாள். ஒரு தடவை படித்தது போதாமல் இன்னொரு தடவையும் படித்தாள். ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. பேனாவை மூடி அப்பாவின் சட்டைப்பையிலேயே செருகினாள்.

“என்னடி பண்ற?”

அதிகாரி திரையிலிருந்து தலையைத் தூக்கினார். “சார்... கணக்கு காலியா இருக்கே. காலையிலதான் ஆன்லைன்ல எடுத்திருக்காங்க.”

அப்பா மகளைப் பார்த்தார்.

“என் ஃபீஸ் கட்டிட்டேன்பா. இப்பத்தான் ரசீது வந்துச்சு.”