இடது கதவு

மெல்லிசைக் குழுப் பாடகர் அமலதாஸின் காரில் புது ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர்களும் பொருத்தினேன். சோதித்துப் பார்க்க, தான் பாடிய பாட்டையே போட்டார். கீபோர்டும் கிதாரும் நன்றாகவே கேட்டன. குரல் மட்டும் எங்கோ தூரத்தில் மெலிந்து கிடந்தது.

"ஆம்ப் பத்தலையோ தம்பி?"

"ஆம்ப்ல ஒரு குறையும் இல்லண்ணே. உங்க குரல்லதான் கனம் இல்ல," என்றேன்.

"எனக்கும் கொஞ்ச நாளா அப்படித்தான் தோணுது," என்று சொல்லிவிட்டு எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனார்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இடது கதவின் உள்பக்கப் பலகையைத் திரும்ப மாட்டப்போகும்போதுதான் பார்த்தேன். அந்த ஸ்பீக்கரில் பிளஸ் வயரையும் மைனஸ் வயரையும் மாற்றிக் கொடுத்திருந்தேன். அப்படிக் கொடுத்தால் இரண்டு பக்கமும் ஒரேபோல வரும் குரல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சரியாக மாற்றிச் செருகினேன். அவர் குரல் கார் முழுக்க நிறைந்து எழுந்தது.

டீ டம்ளரோடு அவர் திரும்பிப் பார்த்தார்.

சட்டென்று சத்தத்தைக் குறைத்தேன்.